கல்லூரி மகளிர் கோல்ஃப் சாம்பியன்ஷிப்: ரோலாவிலிருந்து எவ்வளவு தூரம்?

மே மாதம் வந்தால் ரோலாவில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: சிபிஎஸ்இ ரிசல்ட். எத்தனை சதவீதம், அடுத்து எந்த குரூப், எந்தக் கல்லூரி என்று தொலைபேசி ஓயாது. அதே மே மாதத்தின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் கல்லூரி மாணவியருக்கான தேசிய கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடந்து முடிகிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் போட்டியில் ஆடும் பெண்கள் அனைவரும் பட்டப்படிப்பு மாணவிகள். அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து போனவர்கள். பலருக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கோல்ஃப்தான் கட்டுகிறது.

நம் சமூகத்தில் மேற்படிப்பு பற்றிப் பேசும்போது மருத்துவம், பொறியியல், சி.ஏ. என்று ஒரு பட்டியல் உண்டு. விளையாட்டு அதில் வருவதில்லை. வந்தாலும் கிரிக்கெட், பேட்மிண்டன், நீச்சல் அளவோடு நின்றுவிடும். கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் போட்டி என்ன, எப்படி நடக்கிறது, யார் வென்றிருக்கிறார்கள், வளைகுடாவில் வளரும் பெண்ணுக்கு அதில் வழி உண்டா என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களும் படிக்கலாம்.

1941இல் தொடங்கிய கதை

அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசிய கோல்ஃப் போட்டி 1941இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பெண்கள் போட்டி போட்டு விளையாடுவது உடலுக்கும் குணத்துக்கும் ஆகாது என்று கல்வியாளர்களே பேசிய காலம் அது. அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையில் பணியாற்றிய கிளாடிஸ் பால்மர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் போட்டியை நடத்தினார். அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியனோர் டட்லி முதல் சாம்பியன் ஆனார். உலகப் போரால் சில ஆண்டுகள் நின்றுபோன போட்டி, போருக்குப் பிறகு மீண்டும் தொடர்ந்தது.

திருப்பம் 1972இல் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ‘டைட்டில் நைன்’ என்று அதைச் சொல்வார்கள். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே முன்னால் நிற்கவில்லை. ஆனால் அதன் பலனை அதிகம் உணர்ந்த இடங்களில் ஒன்று கல்லூரி மைதானம். ஆண்கள் அணிகளுக்குப் பணம் செலவழித்த கல்லூரிகள் பெண்கள் அணிகளையும் கட்ட வேண்டிய நிலை வந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏ, 1982இல்தான் பெண்களுக்கான கோல்ஃப் சாம்பியன்ஷிப்பைத் தன் பெயரில் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டில் நடந்த அந்த முதல் போட்டியில் டல்ஸா பல்கலைக்கழகம் அணிப் பட்டத்தையும், அதே அணியின் கேத்தி பேக்கர் தனிநபர் பட்டத்தையும் வென்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1985இல், அவர் அமெரிக்க மகளிர் ஓபன் பட்டத்தையும் வென்றார். 2025 வரையிலான கணக்கில் அரிசோனா ஸ்டேட் 8 முறையும், டியூக் 7 முறையும் என்சிஏஏ அணிப் பட்டம் பெற்றுள்ளன.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தைக் குறைந்த அடிகளில் போட வேண்டும். ஒரு குழியை இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்று வகுத்திருப்பதுதான் ‘பார்’. பெரும்பாலான மைதானங்களில் 18 குழிகளுக்கும் சேர்த்துப் பார் 72 அல்லது அதை ஒட்டி இருக்கும். 18 குழிகளையும் ஆடி முடித்தால் ஒரு ரவுண்டு. மொத்த அடிகளை எண்ணி, குறைவாக அடித்தவர் வென்றார் என்பது ‘ஸ்ட்ரோக் பிளே’. இருவர் நேருக்கு நேர் மோதி, குழிக்குக் குழி யார் வென்றார் என்று பார்ப்பது ‘மேட்ச் பிளே’. இந்தச் சாம்பியன்ஷிப்பில் இரண்டும் உண்டு.

முதலில் மண்டலச் சுற்று. ஆறு இடங்களில், இடத்துக்கு 12 அணிகள் என 72 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொரு இடத்திலும் முதல் 5 அணிகளும், அந்த அணிகளில் இல்லாத சிறந்த ஒரு வீராங்கனையும் தேசியச் சுற்றுக்குப் போவார்கள். ஆக 30 அணிகள், தனியாக 6 பேர், மொத்தம் 156 பெண்கள்.

அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அன்றைய நாளில் சிறந்த நால்வரின் எண்ணிக்கைதான் அணியின் கணக்கில் சேரும். ஒருத்தி சரியாக ஆடாத நாளில் மற்ற நால்வர் தாங்கிக்கொள்ளலாம். இருவர் தவறினால் தாங்க முடியாது. மூன்று ரவுண்டு முடிந்ததும் 30 அணிகள் 15 ஆகச் சுருங்கும். நான்காவது ரவுண்டு முடிவில், 72 குழிகளுக்கும் சேர்த்துக் குறைந்த அடிகள் அடித்தவர் தனிநபர் சாம்பியன். அணிகளில் முதல் எட்டு, மேட்ச் பிளேவுக்குப் போகும். அங்கே ஐவருக்கு ஐவர் மோதுவார்கள். மூன்று ஆட்டங்களை வென்ற அணி அடுத்த கட்டத்துக்குச் செல்லும். காலிறுதியும் அரையிறுதியும் ஒரே நாளில். மறுநாள் இறுதி. இந்த மேட்ச் பிளே முறை 2015இல் வந்தது. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் வென்றது.

2025 போட்டி மே 16 முதல் 21 வரை கலிஃபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் நகரின் லா கோஸ்டா மைதானத்தில் நடந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இறுதியில் ஸ்டான்ஃபோர்டை 3-2 என்று வென்று முதல் முறையாகப் பட்டம் பெற்றது.

ஒரு சிறு விவரத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரிப் போட்டிகளில் ‘கேடி’ எனப்படும் பை தூக்கும் உதவியாளர் கிடையாது. பயிற்சியாளர் பக்கத்தில் வந்து யோசனை சொல்லலாம். பையை அந்தப் பெண்தான் தோளில் சுமக்க வேண்டும், அல்லது கைவண்டியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கோல்ஃப் என்றால் பை தூக்க ஓர் ஆள், ஆட ஓர் எஜமானர் என்று ஊட்டியிலும் நுவரெலியாவிலும் நாம் பார்த்த காட்சி இங்கே இல்லை.

ஒரு பந்துகூட அடிக்காமல் திரும்பியவர்கள்

இந்தப் போட்டி ஒரு மாணவிக்கு எவ்வளவு பெரியது என்பதை 2021 மே மாதம் காட்டியது. முந்தைய ஆண்டு கொரோனாவால் சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. 2021இல் நான்கு இடங்களில் மண்டலச் சுற்று. அவற்றில் ஒன்று லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில். 18 அணிகள் வந்து இறங்கின. மழை விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அதிகாரி ஒருவர் வந்து, மைதானத்தில் ஆட முடியும், ஆனால் சாம்பியன்ஷிப் தரத்தில் ஆட முடியாது என்ற பொருளில் அறிவித்தார். மண்டலச் சுற்று ரத்து. தரவரிசையில் முன்னால் இருந்த 6 அணிகள் தேசியச் சுற்றுக்குப் போயின. மற்ற 12 அணிகளும் ஒரு பந்துகூட அடிக்காமல் ஊர் திரும்பின. அதுவே கடைசி ஆண்டாக இருந்த மாணவிகள் அங்கேயே அழுத காட்சியை அமெரிக்கா முழுவதும் பார்த்தது.

அப்படி ஆடாமலே முன்னேறிய ஆறில் ஒன்று மிஸிஸிப்பி பல்கலைக்கழக அணி; ‘ஓல் மிஸ்’ என்று அழைப்பார்கள். அடுத்த சில நாள்களில் அரிசோனாவில் நடந்த தேசியச் சுற்றின் இறுதியில் ஒக்லஹோமா ஸ்டேட்டை 4-1 என்று வென்று அந்த அணி சாம்பியன் ஆனது. அவர்கள் தகுதியோடுதான் வென்றார்கள். ஆனால் திரும்பிப் போன 12 அணிகளில் யார் என்ன செய்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஆடிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்துத் தோற்பது வேறு, வாய்ப்பே மூடப்படுவது வேறு. நம் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்ல வரும்போது இதை மறுபடி நினைத்துக்கொள்வோம்.

வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஸ்வீடனிலிருந்து அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அனிகா சோரன்ஸ்டாம் 1991இல் தனிநபர் பட்டம் வென்றார். பின்னாளில் உலகின் முதல் நிலை வீராங்கனை ஆனார். மெக்ஸிகோவிலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்குப் போன லொரேனா ஒச்சோவா ஒரே பருவத்தில் 8 போட்டிகளில் வென்றும், 2001, 2002 இரண்டு ஆண்டுகளிலும் தேசியச் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடமே பெற்றார். அவரும் பிறகு உலகின் முதல் இடத்தைப் பிடித்தார்.

அண்மை ஆண்டுகளின் தனிநபர் பட்டியலைப் பாருங்கள். 2016இல் இத்தாலியின் வர்ஜீனியா எலேனா கார்ட்டா. 2019இல் மெக்ஸிகோவின் மரியா ஃபாஸி. 2024இல் பிரான்ஸின் அடேலா செர்னூசெக். 2025இல் கொலம்பியாவின் மரியா ஹோசே மாரின். எல்லோரும் கடல் கடந்தோ எல்லை கடந்தோ படிக்கப் போனவர்கள். அமெரிக்கரான ரோஸ் ஜாங் 2022, 2023 என்று அடுத்தடுத்து வென்றார். இந்தப் பட்டத்தை இருமுறை வென்ற முதல் பெண் அவர்தான். 2023இல் கல்லூரிப் போட்டி முடிந்த சில நாள்களிலேயே, தொழில்முறை வீராங்கனையாக ஆடிய முதல் எல்பிஜிஏ போட்டியிலும் வென்றார். 1951க்குப் பிறகு யாரும் செய்யாதது அது.

இந்திய வம்சாவளிப் பெயரும் இந்தப் பட்டியலின் பக்கத்தில் உண்டு. நியூஜெர்ஸியில் வளர்ந்த மேகா கன்னே, 2024இல் பட்டம் வென்ற ஸ்டான்ஃபோர்ட் அணியில் ஆடினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க மகளிர் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பையும் வென்றார்.

கல்லூரி வழி ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பெங்களூருவின் அதிதி அசோக் 17 வயதிலேயே தொழில்முறைக்குப் போய்விட்டார். 2016இல் இந்திய ஓபனை வென்ற கையோடு, நம் பக்கத்து தோஹாவில் கத்தார் மகளிர் ஓபனையும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அங்கே அவருக்குப் பை தூக்கியவர் அவருடைய அம்மா. ஆனால் அதிதிகள் அரிது. பதினேழு வயதில் ஆட்டத்தையே தொழிலாக நம்பிப் பள்ளிப்படிப்போடு நிற்க எந்தக் குடும்பமும் யோசிக்கும். படிப்பை விடாமல் நான்கு ஆண்டு ஆடிப் பார்க்க இடம் தருவது கல்லூரி வழிதான். தொழில்முறை வாய்ப்பு அமையாவிட்டாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

வளைகுடாவின் மணலும் புல்லும்

ஷார்ஜா என்றால் நமக்குக் கிரிக்கெட்தான். 1998இல் மணல் புயலுக்குப் பிறகு சச்சின் ஆடிய ஆட்டத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ரோலாவில் உண்டு. கோல்ஃப் இங்கே எப்போது வந்தது? எண்ணெய் எடுக்க வந்தவர்களோடு வந்தது. பஹ்ரைனின் அவாலி, குவைத்தின் அஹ்மதி போன்ற எண்ணெய் நகரங்களில் மணலிலேயே ஆடினார்கள். குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல். அதற்குக் ‘கிரீன்’ என்று பெயர் பொருந்தாததால் ‘பிரவுன்’ என்றார்கள். பந்தை வைத்து அடிக்கக் கையில் ஒரு துண்டுப் புல்விரிப்பைக் கொண்டு போவார்கள்.

1988இல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்பட்டபோதுதான் வளைகுடாவில் முதன்முதலாக 18 குழிகளும் புல்லாக இருந்த மைதானம் வந்தது. 2006இல் அங்கே துபாய் லேடீஸ் மாஸ்டர்ஸ் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளும் வென்றவர், மேலே சொன்ன 1991ஆம் ஆண்டின் கல்லூரிச் சாம்பியன் அனிகா சோரன்ஸ்டாம். 2019இல் விளக்கொளியில் பகலும் இரவும் ஆடும் மகளிர் தொழில்முறைப் போட்டியும் துபாயில் நடந்தது. 2020 நவம்பரில் சவூதி அரேபியாவில் முதல் மகளிர் தொழில்முறை கோல்ஃப் போட்டி நடந்தது. 2021இல் ஆசிய-பசிபிக் மகளிர் அமெச்சூர் சாம்பியன்ஷிப் அபுதாபிக்கு வந்தது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் கவனிக்கும் போட்டிகளில் அதுவும் ஒன்று.

ஷார்ஜாவிலேயே கோல்ஃப் அண்ட் ஷூட்டிங் கிளப்பில் 9 குழி மைதானம் இருக்கிறது. இரவில் விளக்கொளியில் ஆடலாம். ‘வெயிலில் நின்றால் பொண்ணு கருத்துப் போவா’ என்று சொல்லும் பாட்டிகளுக்கு இதுவே பதில். 2022 முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. ஷார்ஜா பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த நாளை நாம் பெரும்பாலும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டோம்.

இங்கிருந்து அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் போக முடியுமா என்றால், போயிருக்கிறார்கள். துபாயில் வளர்ந்த இந்தியரான ரேஹான் தாமஸ், கல்லூரி கோல்ஃபில் பெயர் பெற்ற ஒக்லஹோமா ஸ்டேட்டின் ஆண்கள் அணியில் ஆடினார். 2018இல் ஆசிய-பசிபிக் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பையனுக்கு இருக்கும் வழி பெண்ணுக்கும் இருக்கிறது. உதவித்தொகையைப் பொறுத்தவரை, பல ஆண்டுகளாகப் பெண்கள் பக்கம்தான் அது தாராளமாக இருந்தது.

உதவித்தொகையும் இடங்களும்

என்சிஏஏவில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் 2024-25 வரை ஒரு பெண்கள் கோல்ஃப் அணிக்கு 6 முழு உதவித்தொகைக்கு நிகரான தொகையைக் கொடுக்கலாம். ஆண்கள் அணிக்கு அது 4.5 மட்டுமே. இரண்டாம் பிரிவில் பெண்களுக்கு 5.4. இந்தத் தொகையைப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் ‘ஸ்காலர்ஷிப் கிடைத்தது’ என்றால் முழுக் கட்டணமும் போயிற்று என்று பொருள் இல்லை. கால் பங்காகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தையோ மதிப்பெண்ணையோ பார்த்துத் தரும் உதவி அங்கே தனியாக உண்டு.

2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு சமரசத்துக்குப் பிறகு முதல் பிரிவில் விதி மாறியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கையில் வரம்பு இல்லை. ஆனால் அணியில் 9 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பணம் கூடலாம், இடம் குறைவு. ஆகவே எந்தக் கல்லூரியோடு பேசினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அணியில் எத்தனை இடம் காலியாகிறது, உதவி எவ்வளவு, அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, காயம் பட்டால் என்ன ஆகும்.

ஜூன் 15

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தத் தேதிக்காகத்தான். என்சிஏஏ விதிப்படி, முதல் பிரிவுப் பயிற்சியாளர் ஒரு பள்ளி மாணவியோடு நேரடியாகப் பேசவும் கடிதம் எழுதவும் தொடங்கக்கூடிய நாள், அவள் பத்தாம் வகுப்பை முடித்த பிறகு வரும் ஜூன் 15. அதற்கு முன்பு அவர்கள் போட்டி முடிவுகளைப் பார்த்துப் பெயர்களைக் குறித்துவைத்திருப்பார்கள். அந்த நாளில் பேச்சு தொடங்குகிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே விளையாட்டுப் பை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. ‘போர்டு எக்ஸாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினொன்றுக்கு டியூஷன் தொடங்கிவிடுகிறது. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. அங்கே பேச்சு தொடங்கும் ஜூன் மாதத்தில் இங்கே அந்தப் பெண் ஆட்டத்தை விட்டு ஓராண்டு ஆகியிருக்கிறது. பயிற்சியாளர் பார்க்க ஒரு ஸ்கோரும் இல்லை. பேட்டன் ரூஜில் மழை செய்ததை நம் வீடுகளில் நாம் செய்கிறோம். ஒரு பந்துகூட அடிக்காமல் திரும்ப வைக்கிறோம். பையன்களுக்கும் இது நடக்கிறது என்றாலும், மாலையில் கிரிக்கெட்டுக்குப் போகும் பையனை யாரும் முழுதாக நிறுத்துவதில்லை. பெண் என்றால் நின்றுவிடுகிறது.

படிப்பை விடச் சொல்லவில்லை. படிப்பை விட்டால் இந்த வழியே அடைபட்டுவிடும். என்சிஏஏ முதல் பிரிவில் ஆட, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாட அலகுகள் வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, மீதி இவற்றிலிருந்தும் மொழி போன்ற பாடங்களிலிருந்தும். இவற்றில் 10, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சராசரி 4க்கு 2.3 இருக்க வேண்டும். எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ 2023 முதல் கேட்பதில்லை. சில கல்லூரிகள் கேட்கலாம். பதினொன்றில் கணிதம் இல்லாத வணிகவியல் குரூப்பை எடுக்கும் பெண்ணுக்கு, கணிதத்தில் மூன்றாவது ஆண்டு எங்கிருந்து வரும் என்பதைக் குரூப் எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி முடித்து ஒன்றிரண்டு ஆண்டு நிறுத்தி ஆடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், கல்லூரியில் ஆடும் தகுதியே குறையக்கூடும்.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, எண்ணிக்கை. தேசியச் சுற்றில் ஆடுவது 156 பேர்தான். அங்கே போவதை இலக்காக வைத்து ஒரு குழந்தையை ஓட்டக் கூடாது. அதற்குக் கீழே இரண்டாம், மூன்றாம் பிரிவு அணிகள் நிறைய இருக்கின்றன. அங்கே கிடைக்கும் நல்ல படிப்பும் பாதி உதவித்தொகையும்கூடக் குடும்பத்துக்குப் பெரிய தாங்கல்.

இரண்டாவது, செலவு. கோல்ஃப் இங்கே மலிவல்ல. மட்டை, மைதானக் கட்டணம், பயிற்சியாளர் என்று மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். கல்லூரியில் கிடைக்கப்போகும் உதவியை நம்பிக் கடன் வாங்கி இறங்க வேண்டாம். பழைய மட்டைகள் கைமாறிக் கிடைக்கும். அமீரக கோல்ஃப் கூட்டமைப்பும் கிளப்புகளும் நடத்தும் ஜூனியர் நிகழ்ச்சிகளை விசாரித்து, அங்கிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, இடைத்தரகர். ‘ஸ்காலர்ஷிப் உறுதி’ என்று முன்பணம் கேட்பவரிடம் விலகி நிற்க வேண்டும். அணியில் இடம் கொடுப்பது பயிற்சியாளர். கல்லூரி இணையதளத்தில் அவருடைய மின்னஞ்சல் இருக்கிறது. போட்டி ஸ்கோர்களையும் ஆட்ட வீடியோவையும் மதிப்பெண் பட்டியலையும் அந்தப் பெண்ணே அனுப்பலாம். பெற்றோர் எழுதுவதைவிட மாணவி எழுதுவதைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

நான்காவது, விசா. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் பெற அனுமதி உண்டு. ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு வேலை செய்து சம்பாதிப்பதில் கட்டுப்பாடுகள் உள்ளன. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

ரோலாவின் ஒவ்வொரு பெண்ணும் கோல்ஃப் ஆட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கோல்ஃப் இடத்தில் டென்னிஸ், நீச்சல், ஓட்டம் எதை வைத்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு விளையாட்டில் உண்மையாகவே நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வாரத்தில் இரண்டு மாலைகளை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆண்டுக்குச் சில போட்டிகளில் ஆடவைத்து ஸ்கோரைக் குறித்துவைக்கலாம். குரூப் எடுக்கும்போது பாடங்களைச் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 அன்று, அவளை உட்காரவைத்து, ‘இதைத் தொடர உனக்கு விருப்பமா?’ என்று கேட்கலாம். வேண்டாம் என்று அவள் சொன்னால் பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். அது அவள் எடுத்த முடிவாக இருக்கட்டும்.